சிபிநாட் மெஷினுக்கு முன்னாடி நடக்குற வேலை

மும்பைல சயான் பக்கம் ஒரு லேப்ல டிபி டெஸ்ட் பண்றேன். சளில டிபி கிருமியோட டிஎன்ஏவ தேடுற சிபிநாட் மெஷின் இருந்தா போதும், ரிசல்ட் தானா சரியா வந்துரும்னு டாக்டருங்களே சில பேர் நினைக்கிறாங்க. நான் பாத்த வரைக்கும் பாதி விஷயம் மெஷினுக்குள்ள வைக்கிற சின்ன குப்பி, அதான் கார்ட்ரிட்ஜ், அதுல சளிய ஊத்துறதுக்கு முன்னாடியே முடிவாயிருது.

டப்பால வர்றது சளியா வெறும் எச்சிலாங்கிறதுதான் முதல்ல. தாராவில இருந்து நம்ம திருநெல்வேலி ஆளுங்க நிறைய வருவாங்க, வயசானவங்க சிலருக்கு இந்தி சரியா புரியாது, கவுண்டர்ல துப்பிட்டு வாங்கன்னு டப்பாவ நீட்டுனா துப்பித்தான் குடுப்பாங்க. அதான் கூட்டம் கம்மியா இருந்தா நானே வெளிய கூட்டிட்டு போயி, ஆச்சி வாய கொப்பளிங்க, மூச்ச நல்லா உள்ள இழுத்து பிடிங்க, இப்ப நெஞ்சுல இருந்து இருமுங்கன்னு சொல்லுவேன், அப்புறம் வர்ற சாம்பிளே வேற மாதிரி இருக்கும். அடுத்தது சளிய இளக்குற ரீஏஜென்ட் திரவம், சளிக்கு ரெண்டு மடங்கு ஊத்தி குலுக்கி 15 நிமிஷம் வைக்கணும், எவ்வளவு கூட்டம்னாலும் அதுல ஒரு நிமிஷம் குறைக்க மாட்டேன்.

அல்ட்ராங்கிற புது கார்ட்ரிட்ஜ் வந்தது பெரிய முன்னேற்றம். மைக்ராஸ்கோப்ல தெரிய ஒரு மில்லில சுமார் 10,000 கிருமி வேணும், பழைய கார்ட்ரிட்ஜுக்கு 113 கிட்ட, அல்ட்ராவுக்கு 16 போதும். கிருமியோட டிஎன்ஏல பல காப்பி இருக்குற ஐஎஸ்6110, ஐஎஸ்1081 பகுதிகள தேடுறதும், ரியாக்‌ஷன் நடக்குற இடத்த ரெண்டு மடங்கு ஆக்குனதும்தான் காரணம். ஆனா அந்த டிஎன்ஏ உயிரோட இருக்குற கிருமியோடதா செத்த கிருமியோடதான்னு மெஷினுக்கு தெரியாது, பழைய டிபி ஆறுனவங்க நுரையீரல்ல கிடக்குற செத்த கிருமியும் 'ட்ரேஸ்'னு, அதாவது ரொம்ப கொஞ்சமா இருக்குன்னு ரிசல்ட்ல வந்து நிக்கும். ட்ரேஸ் வந்தா டிபிக்கு குடுக்குற முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமான்னும் சொல்ல முடியாது. எச்ஐவி இருக்குறவங்க, குழந்தைங்கன்னா ட்ரேஸே பாசிட்டிவ்தான், முன்னாடி மருந்து சாப்ட்டவங்களுக்கு புது சாம்பிள், கிருமிய வளத்து பாக்குற கல்ச்சர், எக்ஸ்ரேன்னு எல்லாத்தையும் சேத்துதான் பாக்கணும்.

அதனால ஃபார்ம்ல 'முன்பு சிகிச்சை'ங்கிற கட்டம் அவ்ளோ முக்கியம், ஆனா காலியா வர்றதுதான் ஜாஸ்தி. மாமியார் பக்கத்துல நிக்கிறப்போ கேட்டா எந்த பொண்ணும் ஆமான்னு சொல்லாது, தனியா கூப்ட்டு கேட்டா மாத்திரை கலர் வரைக்கும் சொல்லும். சாம்பிள் அனுப்புற டாக்டருங்க தயவுசெஞ்சு அந்த ஒரு கேள்விய தனியா கேட்டு எழுதி அனுப்புங்க, ட்ரேஸ் வர்ற அன்னைக்கு நாங்க முதல்ல தேடுறது அதைத்தான்.