'ரிக்கிங் புதுசு' என்றால், எந்த ரிக்கிங் என்று கேளுங்கள்

ஒருவழியாகப் பாய்மரப் படகு எங்கள் பெயருக்கு வந்துவிட்டது. 34 அடி, வயதானது, உள்ளே நிமிர்ந்து நின்றால் எனக்குத் தலை இடிக்கும். பத்து மாதத்துக்கு முன்னால் நான் வாங்கக் கிளம்பியது இதை இல்லை. அது 42 அடி. மூன்று பக்கமும் இறங்கி ஏறக்கூடிய நடுக்கட்டில், ஏசி, ஜெனரேட்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின், படகின் முன்முனையைத் திருப்ப மோட்டார். கருவிப் பட்டியல் மட்டுமே இரண்டு பக்கம். அந்த 42 அடிக்காரனால் போன பணத்தையும் நாளையும் நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

விளம்பரத்தில் 'ரிக்கிங் புதியது' என்று போட்டிருந்தார்கள். ரிக்கிங் என்றால் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளும், பாயை இயக்கும் கயிறுகளும். நம்பி 10 சதவீத முன்பணம் கட்டி, லீவு போட்டு, விமானம் ஏறிப் போனோம். படகைச் சோதித்து ரிப்போர்ட் தரும் சர்வேயருக்கும், அதைத் தண்ணீரிலிருந்து தூக்கும் கிரேனுக்கும் அன்றைக்கே ஏற்பாடு செய்திருந்தோம். இரண்டு செலவும் வாங்குகிறவர் தலையில்தான். போய் இறங்கி ரிக்கிங் மாற்றிய பில்லைக் கேட்டால், புரோக்கர் எடுத்து நீட்டியது கயிறு வாங்கிய பில்! பாயை ஏற்றி இறக்கும் கயிறுகளைத்தான் மாற்றியிருக்கிறார்கள். பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் எஃகுக் கம்பிகள் படகு கட்டிய நாளில் போட்டவை, 17 வருடப் பழசு. "ரிக்கிங்னுதானே போட்டிருக்கோம், எந்த ரிக்கிங்னு போடலையே" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அந்தக் கம்பிகளை 10 முதல் 15 வருடத்துக்குள் மாற்றச் சொல்வார்கள். தாண்டினால் பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் கை விரித்துவிடும். நீங்கள் கிளம்புவதற்கு முன்பே பில்லை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். 'நேரில் காட்டுகிறேன்' என்று பதில் வந்தால் டிக்கெட் போடாதீர்கள்.

கிரேனுக்குக் கட்டியது திரும்பாது, வந்தது வந்தோம், கடலுக்காவது ஒரு நடை போய்ப் பார்ப்போம் என்று ஏறினோம். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் சர்வேயர் எஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்தார். சுட்டது. நாங்கள் வருவதற்குள் யாரோ ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். ஆறிக் கிடக்கும் எஞ்சின்தான் ஸ்டார்ட் ஆகத் திணறும், புகை கக்கும், உண்மையைச் சொல்லும். சர்வேயர் எதுவும் பேசவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார்.

வெளியே ஒரு மீட்டர் அலைதான். கரையில் கட்டியிருந்தபோது கல்யாண மண்டபம் மாதிரி விரிந்து கிடந்த உள்கூடம், படகு சாய்ந்ததும் நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத மைதானமாகிவிட்டது. என் மனைவி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய் விழுந்தாள். இடுப்பில் கன்றிப்போன இடம் ஆற இரண்டு வாரம். அந்த நடுக்கட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ராத்திரி எதைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குறது?" என்று கேட்டாளே, அந்த இடத்திலேயே படகு என் மனசை விட்டுப் போய்விட்டது. முனையின் அடிப்பக்கம் தட்டையாக இருந்ததால் ஒவ்வொரு அலைக்கும் தொப் தொப்பென்று அடி வேறு.

டெட் புரூவர் என்ற படகு வடிவமைப்பாளர், படகின் ஆட்டத்தைக் கணிக்க ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். எடை, நீளம், அகலம் இருந்தால் போதும். எண் கூடினால் ஆட்டம் மெதுவாக, உடம்புக்கு இதமாக இருக்கும். 42 அடிக்கு 24 வந்தது. இப்போது வாங்கியிருக்கும் 34 அடிக்கு 31. பெரிய படகில்தான் சுகம் என்று நினைத்திருந்த எனக்கு இந்தக் கணக்கை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மதியம் படகைத் தூக்கினார்கள். சர்வேயர் சின்னச் சுத்தியலால் டெக்கை, அதாவது படகின் மேல்தளத்தை, தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக். பாய்மரத்தைத் தாண்டியதும் தொத், தொத். அழகுக்குப் போட்ட தேக்குப் பலகைகளை ஆயிரக்கணக்கான ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே இருக்கும் பால்சா என்ற லேசான மரக்கட்டை ஊறிவிட்டது. சுத்தியல் சத்தத்தைக் கூடவே நின்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் 'ஈரப்பதம் அதிகம்' என்று ஒரே வரிதான் வரும்.

வேண்டாம் என்றோம். முன்பணம் திரும்பி வர ஆறு வாரம். ஒப்பந்தத்தில் 'பெரிய குறை இருந்தால் மட்டும்' என்று இருந்த இடத்தில் 'சர்வே வாங்குபவருக்குத் திருப்தியாக இருந்தால்' என்று நான் முன்பே மாற்ற வைத்திருந்தேன். இந்த விவகாரத்தில் நான் புத்தியோடு செய்த ஒரே காரியம் அதுதான். இல்லாவிட்டால் ஊறிய டெக் பெரிய குறையா சின்னக் குறையா என்று இன்னும் வாதாடிக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பிறகு கருவிப் பட்டியலை நான் படிக்கும் விதமே மாறிவிட்டது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் வயதை எழுதுவேன். பத்து வருடம் தாண்டியதை ரிப்பேர்க் கணக்கில் சேர்ப்பேன். 34 அடியில் ஏசி இல்லை, ஜெனரேட்டர் இல்லை, ஃப்ரிட்ஜ் மேலே திறக்கிற பெட்டி. அடியில் இருப்பதை எடுக்க முக்கால் உடம்பை உள்ளே விட வேண்டும். ஆனால் குளிர் கொட்டிப் போகாது, பேட்டரி தாங்குகிறது. படுக்கை ஒடுக்கம், பக்கத்தில் கட்ட ஒரு துணி இருக்கிறது, சாய்ந்தாலும் உருள மாட்டோம். எங்கே நின்றாலும் கைக்கு ஒரு பிடி எட்டும். வேகத்தில் ஒரு நாட், அதாவது மணிக்கு ஒரு கடல்மைல் வரை குறையும், 24 மணி நேரத்தில் 24 கடல்மைல். அது உறுத்தத்தான் செய்கிறது. கையில் இருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்ததால் கம்பிகளையும் நங்கூரத்தையும் புதிதாகப் போட முடிந்தது. அடியில் இருந்த தண்ணீர் வால்வுகளில் இரண்டு பித்தளை, சுரண்டினால் ரோஸ் நிறம். துத்தநாகம் கரைந்து போனதன் அடையாளம். கையோடு மாற்றிவிட்டோம்.

சர்வே, இன்சூரன்ஸ் எல்லாம் சுமுகமாக முடிந்தது. பதிவு அலுவலகத்தில் மாட்டிக்கொண்டோம். படகின் பின்பக்கம் வலது மேல்மூலையில் 14 எழுத்தில் அடையாள எண் பொறித்திருக்கும். விற்பனைப் பத்திரத்தில் அதில் ஒரு 8 மட்டும் 6 ஆகியிருந்தது. முந்தைய கைமாற்றத்தில் வந்த பிழை. எல்லோரும் காகிதத்தைப் பார்த்தே காகிதத்தில் எழுதியிருக்கிறார்கள்! கவுன்டரில் இருந்தவர் மூன்று முறை திருப்பி அனுப்பினார், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம். பழைய உரிமையாளரைத் தேடிப்பிடித்துத் திருத்தக் கடிதம் வாங்க மூன்று வாரம். விரலால் தடவி எண்ணைப் படித்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், முன்பணம் கட்டும் முன்பே.

இப்போதைக்கு மிச்சம் ஒரே தொல்லை, கழிவறைக் குழாயின் நாற்றம். வெந்நீரில் நனைத்த துணியால் குழாயை அழுத்தித் துடைத்து, ஆறியதும் துணியை முகர்ந்து பார்க்க வேண்டுமாம். துணி நாறினால் குழாய் ஊறிவிட்டது, மாற்ற வேண்டியதுதான். துணி தயாராக இருக்கிறது. யார் முகர்வது என்று இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை நடக்கிறது.