விஞ்ச் மாற்றும்போது நிறைந்த டிரம்மின் கணக்கைக் கேளுங்கள்

சின்னமுட்டம் போட்டுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இழுவைமடிப் போட்டில் மடியை இழுக்கும் கம்பி ரோப்பைச் சுற்றி எடுக்கும் விஞ்ச் தேய்ந்துபோய் அதை மாற்றுவதென்றால் இந்த இரண்டு மாதத்துக்குள் பழையதைக் கழற்றி, அடித்தளம் பார்த்து, புதியதை ஏற்றி, ஓட்டியும் பார்த்துவிட வேண்டும். அந்த அவசரத்தில் பலரும் "எத்தனை டன் இழுக்கும்?" என்று மட்டும் கேட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். ரோப்பு சுற்றும் உருளையான டிரம் காலியாக இருக்கும்போது எத்தனை டன், ரோப்பு முழுக்கச் சுற்றிய பிறகு எத்தனை டன் என்று இரண்டாகக் கேட்க வேண்டும். விற்பவர் சொல்லும் எண் பெரும்பாலும் முதல் அடுக்குக்கு உரியது.

ஒரு டிரம்மை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 250 மி.மீ., அகலம் 400 மி.மீ., பக்கத்தட்டின் விட்டம் 550 மி.மீ., ரோப்பு 10 மி.மீ. தட்டின் விளிம்பில் இரண்டு ரோப்பு கனம் சும்மா விட்டால் 13 அடுக்கு வரும். அடுக்குக்கு 40 சுற்று. கணக்குப்படி 620 மீட்டர், நடைமுறையில் அதில் பத்தில் ஒரு பங்கு குறைந்து 560 மீட்டர்தான் கொள்ளும். முதல் அடுக்கில் ரோப்பு நடுவிட்டம் 260 மி.மீ., கடைசி அடுக்கில் 500. கியர் தரும் முறுக்கு விசை மாறுவதில்லை. விட்டம் கூடக் கூட இழுவை குறைகிறது. காலி டிரம்மில் 2 டன் இழுக்கும் விஞ்ச், நிறைந்த டிரம்மில் ஏறத்தாழ 1 டன்தான் இழுக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், மடியின் வாயை விரித்துப் பிடிக்கும் பலகை இரண்டும் போட்டின் பின்பக்கம் வந்து சேரும் நேரத்தில்தான் டிரம் நிறைந்திருக்கும். கச்சான் காற்றில் போட்டு ஏறி இறங்க, மடியில் சகதியும் சேர்ந்திருக்க, மிகக் குறைந்த பலத்தோடு விஞ்ச் நிற்கும் இடம் அதுதான். கிளட்ச் பல் தெறிப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

இன்னொன்றையும் பாருங்கள். 25 பாகத் தண்ணீரில், அதாவது சுமார் 45 மீட்டரில் மடி இழுப்பவர் 200 மீட்டர் ரோப்புதான் விடுவார். டிரம்மில் 560 மீட்டர் இருந்தால் மேலே உள்ள நாலைந்து அடுக்கு மட்டுமே வேலை செய்யும். அந்த 2 டன் விஞ்ச் அவருக்கு ஒருநாளும் 1.3 டன்னைத் தாண்டி இழுக்காது. கீழே கிடக்கும் ரோப்பு வெறும் பாரம். உப்பும் ஈரமும் ஏறி உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். ஆழத்துக்குப் போகாத போட்டில் தேவையான அளவு ரோப்பை மட்டும் வைத்துக்கொண்டால், பெரிய விஞ்ச் வாங்காமலே பலம் கூடும். ஆனால் எவ்வளவு ரோப்பு வெளியே போனாலும் டிரம்மில் ஐந்து சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும். டிரம்மில் ரோப்பு முனையைப் பிடிக்கும் கிளாம்ப் முழு இழுவையைத் தாங்காது.

வேகத்தையும் கணக்கில் சேருங்கள். 1 டன்னை நிமிடத்துக்கு 40 மீட்டர் வேகத்தில் இழுக்க 9 ஹெச்.பி. வேண்டும். செயினிலும் பல்சக்கரத்திலும் மூன்றில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்தால் ஒரு டிரம்முக்கு 13 ஹெச்.பி., விஞ்சின் இரண்டு டிரம்முக்கும் 26, 27. ரோப்பு எடுக்கும்போது நீங்கள் வைக்கும் ஆர்பிஎம்மில் என்ஜின் இதைத் தருமா என்று பார்த்த பிறகு பெரிய விஞ்சைப் பற்றி யோசியுங்கள்.

லாரி டிஃபரன்ஷியல் வைத்துச் செய்த விஞ்ச் என்றால் உதிரிப்பாகம் லாரி ஸ்பேர் கடையிலேயே கிடைக்கும். அது பெரிய வசதி. உள்ளே இருக்கும் ஸ்பைடர் பல்சக்கரங்களை வெல்டு வைத்துப் பூட்டியிருக்கிறதா என்று திறந்து பாருங்கள். பூட்டாமல் விட்டால், ஒரு பலகை பாரில், அதாவது கடலடிப் பாறையில், மாட்டியதும் அந்த டிரம் நின்று மற்ற டிரம் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் விஞ்சில் ரிலீஃப் வால்வு இருக்கிறது; மடி மாட்டினால் எண்ணெய் திரும்பிப் போய் விஞ்ச் நின்றுவிடும். செயின் விஞ்சில் அப்படி ஒரு காவல் கிடையாது, ரோப்போ செயினோ அறுந்தால்தான் நிற்கும். பார் நிறைந்த இடத்தில் தொழில் செய்பவருக்கு, கை இருப்பு இடம் கொடுத்தால், ஹைட்ராலிக்கே நல்லது என்பது என் கருத்து. ஆனால் ஹோஸ் பைப் ஒன்று எப்போதும் போட்டில் ஸ்பேராக இருக்க வேண்டும்.

பிரேக்கில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பட்டை பிரேக்கின் ஒரு முனை சட்டத்தில் நிலையாகப் பூட்டியிருக்கும், மறுமுனை லீவரிலோ திருகிலோ இருக்கும். ரோப்பு வெளியே ஓடும்போது டிரம் நிலையான முனையிலிருந்து லீவர் முனையை நோக்கிச் சுழல வேண்டும். அப்போது உராய்வே பட்டையை இறுக்கும். முக்கால் வட்டம் சுற்றிய பட்டை, காய்ந்த லைனிங் என்றால், திசை மாறிப்போன பிரேக்குக்கு அதே பிடிப்பு வர நாலு மடங்கு பலம் வேண்டும். பிரேக்கை யாரும் மாற்றிப் பூட்டாமலே இது நடக்கும்: மேல்வழியாகப் போக வேண்டிய ரோப்பை அடிவழியாகச் சுற்றினால் டிரம் எதிர்த்திசையில் ஓடும். "புது லைனிங் போட்டும் பிரேக் நிற்கவில்லை" என்றால் முதலில் ரோப்பு எந்தப் பக்கமாக வெளியே போகிறது என்று பாருங்கள். லைனிங்கில் கிரீஸ் படக் கூடாது. புஷ்ஷுக்கு கிரீஸ் அடித்ததும் வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

அடித்தளம். தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் 1.5 டன் இழுவை, முன்பின் போல்ட்டுகளுக்கு நடுவே 60 செ.மீ. என்றால், இழுவைக்கு எதிர்ப்பக்கத்துப் போல்ட்டுகளை 1 டன் மேல்நோக்கிப் பிடுங்கும். மரப் போட்டில் தளத்துக்குக் கீழே அயினிக் கட்டை குறுக்கே ஓடி இருபக்கச் சட்டத்தோடும் சேர வேண்டும். போல்ட் அதன் வழியாக இறங்கி, 10 மி.மீ. இரும்புத் தகட்டில் முடுக்கப்பட வேண்டும். பழைய போல்ட் ஓட்டையில் ஒரு ஆணியைக் குத்திப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல் இறங்கினால் கட்டை உளுத்துவிட்டது. அதை மாற்றாமல் புது விஞ்சை வைக்க வேண்டாம்.

விஞ்சுக்கும் முதல் கப்பிக்கும் இடைவெளி குறைந்தால் ரோப்பு டிரம்மின் ஒரு பக்கம் குவியும். 400 மி.மீ. அகல டிரம்முக்குக் கோணம் ஒன்றரை டிகிரிக்குள் அடங்க 7.6 மீட்டர் வேண்டும். நம் போட்டுகளில் அந்த இடம் கிடைப்பது அரிது. அதனால் ரோப்பை வரிசையாக அடுக்கும் கைடு இருக்கும் விஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். கையால் தள்ளி அடுக்கும் வழக்கத்தில் விரல் போகிறது.

ரோப்பு முனையில் கண்ணி போடும்போது 10 மி.மீ.க்கு மூன்று யூ கிளாம்ப், 60 மி.மீ. இடைவெளி. வளைந்த போல்ட் வெட்டிய முனைப் பக்கம், அடிப்பகுதி பாரம் தாங்கும் ரோப்பின் மேல். விட்டம் 9 மி.மீ.க்கு வந்துவிட்ட பழைய ரோப்பைப் புது விஞ்சில் ஏற்றாதீர்கள்.

புது ரோப்பைத் துறைமுகத்தில் தளர்வாகச் சுற்றினால், கடலில் பாரம் ஏறியதும் மேலடுக்கு கீழடுக்குக்குள் புகுந்து நசுங்கும். முதல் நாள் மடி கட்டாமல், பலகையை மட்டும் விட்டு, ரோப்பு முழுவதையும் பாரத்தோடு திரும்பச் சுற்றுங்கள். கரைக்கு வந்ததும் அடித்தள போல்ட் எல்லாவற்றையும் மறுபடி முடுக்குங்கள். புதுக் கட்டை அழுந்தியிருக்கும்.