சர்ச்சில் போறதா இருந்தா கோடையில போங்க

கனடால மானிடோபாவோட வடக்குக் கோடியில, ஹட்சன் விரிகுடா கரையில இருக்கிற குட்டி ஊர் சர்ச்சில். ஜனத்தொகை ஆயிரம்கூட தேறாது. போறவங்க எல்லாரும் அக்டோபர், நவம்பர்லதான் போவாங்க, ஏன்னா அப்பதான் பனிக்கரடி சீசன், கடல் உறைஞ்சதும் சீல் வேட்டைக்குக் கிளம்பணும்னு கரடிங்க கரையோரமா வந்து காத்துக்கிட்டு இருக்கும், பெரிய பெரிய டயர் போட்ட வண்டியில உக்காந்து பாக்கலாம். சூப்பர்தான், இல்லன்னு சொல்லல. ஆனா டூர் பேக்கேஜே ஆயிரக்கணக்கான டாலர் ஆகும், கரடி சுத்துறதால வண்டிய விட்டு இறங்கவும் முடியாது. என்னைக் கேட்டா ஜூலை, ஆகஸ்ட்தான் பெஸ்ட்.

காரணம் பெலூகா. கோடையில இந்த வெள்ளைத் திமிங்கிலங்க ஆயிரக்கணக்குல சர்ச்சில் ஆத்து முகத்துவாரத்துக்கு வந்துடும். போட்ல போய் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு சும்மா இருந்தா போதும், அதுங்களே வரும். முதல்ல தூரத்துல வெள்ளையா ஏதோ அலை மாதிரி தெரியும், அப்புறம் திடீர்னு பக்கத்துலயே புஸ்ஸுனு மூச்சு விடுற சத்தம். முதுகுல துடுப்பு கிடையாது, வழவழன்னு இருக்கும், குட்டிங்க மட்டும் சாம்பல் கலர்ல அம்மாவை ஒட்டிக்கிட்டே வரும். மத்த பல திமிங்கிலங்க மாதிரி இல்லாம இதுக்கு கழுத்தெலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்கிறதால தலையைத் திருப்ப முடியும், அதனால தண்ணிக்குள்ள இருந்தே நம்மளத் திரும்பிப் பாக்கும் பாருங்க, அதுக்கே காசு கொடுக்கலாம். தண்ணிக்குள்ள மைக் இறக்கி கேக்க வைப்பாங்க, விசில், கிளிக், கீச்சுன்னு ஒரே அரட்டை.

அதே ஆத்துக்கு அந்தப் பக்கம் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோட்டை இருக்கு, போட்லதான் போகணும், துப்பாக்கி வச்ச ஆளு கூடவே வருவார், கோடையிலயும் கரடி அங்க சுத்தும்ல. ஹட்சன்ஸ் பே கம்பெனிங்கிற பிரிட்டிஷ் தோல் வியாபாரக் கம்பெனி 1731ல ஆரம்பிச்சு நாற்பது வருஷம் இழுத்து கட்டின கல்கோட்டை. அவ்ளோ கஷ்டப்பட்டு கட்டினத, 1782ல பிரெஞ்சுக் கப்பல் மூணு வந்து நின்னதும் ஒரு குண்டுகூட சுடாம ஒப்படைச்சிட்டாங்க, ஏன்னா பீரங்கி நிறைய இருந்துச்சு, சுட ஆளுதான் இல்ல. அப்ப பொறுப்புல இருந்த சாமுவேல் ஹெர்ன் 1767ல பக்கத்துப் பாறையில செதுக்கின பேரு இன்னைக்கும் தெளிவா இருக்கு. நம்மாளுங்க மட்டும்தான் போற இடத்துல எல்லாம் பேரு எழுதுறாங்கன்னு யாரும் சொல்லாதீங்க.

1979ல விழுந்த சரக்கு விமானம் ஒண்ணு, 'மிஸ் பிக்கி'ன்னு பேரு, பாறை மேல அப்படியே கிடக்கு, போட்டோவுக்கு நல்லா இருக்கும். இட்சானிடாக் மியூசியம் சின்னதுதான், ஆனா இன்யூட்ங்கிற வடதுருவப் பகுதிப் பழங்குடி மக்களோட செதுக்கு வேலை அருமை. ஊருக்குள்ள வர்ற கரடிய பிடிச்சு அடைக்கிற 'கரடி ஜெயில்' வெளியில இருந்து பாக்கலாம், உள்ள விட மாட்டாங்க. அங்க சாப்பாடு போட மாட்டாங்களாம், தண்ணி மட்டும்தான், ஊருக்கு வந்தா சோறு கிடைக்கும்னு கரடிக்குப் பழகிடக் கூடாதுன்னு. இன்னொண்ணு, ஊர்ல நிறைய பேரு காரைப் பூட்டவே மாட்டாங்க, திடீர்னு கரடி எதிர்ல வந்தா யாரு வேணும்னாலும் ஏறிக்கலாம். தனியா கடற்கரைப் பக்கம் நடக்கப் போயிடாதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

எப்படிப் போறதுன்னா, ரோடு கிடையாது. விமானம், இல்லன்னா வின்னிபெக்ல இருந்து ரயில், சுமார் 1,700 கிமீ, ரெண்டு நாள் ஆகும். நிரந்தரமா உறைஞ்ச மண்ணு மேல தண்டவாளம் போறதால பல இடத்துல மெதுவா ஊர்ந்துக்கிட்டுத்தான் போகும், 2017ல வெள்ளம் வந்து பாதை அடிச்சுக்கிட்டுப் போய் ஒண்ணரை வருஷம் ரயிலே இல்லாம இருந்துச்சு. அவசரம்னா பிளைட்டே எடுங்க.

ஜூலைல கொசு தாங்காது, முகத்துக்கு வலை கட்டாயம் வேணும். பெலூகாவும் வேணும், வடக்கொளியும் (ராத்திரி வானத்துல கலர் கலரா மின்னுற வெளிச்சம்) வேணும்னா ஆகஸ்ட் நடுவுல பிளான் பண்ணுங்க, ராத்திரி இருட்ட ஆரம்பிச்சிருக்கும், திமிங்கிலமும் கிளம்பியிருக்காது. ஹோட்டல் ரொம்ப கம்மி, பல மாசம் முன்னாடியே புக் பண்ணிடுங்க.