பத்து வருஷம் கழிச்சுதானே, சார்?

அந்தப் பெண்ணுக்கு அப்போது 23 வயது. கல்வராயன் மலையிலிருந்து மாமியாரோடு வந்திருந்தார். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. சுண்ணாம்பு படிந்துவிட்டதால் பலூன் விட்டு விரிக்க வழியில்லை. வால்வையே மாற்ற வேண்டும்.

"உலோக வால்வு வைத்துக்கொள்ளலாம், ஆயுளுக்கும் உழைக்கும்" என்றேன். நம் நாட்டிலேயே செய்யும் சித்ரா வால்வு இருக்கிறது. 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. இன்னொரு வகை, விலங்குத் திசுவில் செய்த திசு வால்வு; அது இளம் வயதில் சீக்கிரம் தேயும். பத்துப் பதினைந்து வருடத்தில் மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டும். அதுதான் என் பயம். முதல் தடவை நெஞ்செலும்பை அறுக்கச் சில நொடி போதும். இரண்டாவது தடவை இதயம் எலும்பின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ரம்பம் கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் வலது அறை கிழியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நூல் நூலாகப் பிரித்திருக்கிறேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "இரும்பு வால்வு வெச்சா குழந்தை பெத்துக்கலாமா, சார்?"

உலோக வால்வுக்கு ரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் மாத்திரை வேண்டும். வார்ஃபரின் மாத்திரை, கரு உண்டான ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை குழந்தையின் எலும்பையும் மூக்கையும் பாதிக்கக்கூடும். மாத்திரையை நிறுத்தினாலோ வால்வில் ரத்தம் கட்டும். இதையெல்லாம் சொன்னேன். ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனைக்கு மாதாமாதம் மலையிறங்கி வரவேண்டும், அன்றைக்குக் கூலி போய்விடும் என்று மாமியார் சொன்னார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

"ரெண்டாவது ஆபரேஷன் பத்து வருஷம் கழிச்சுதானே, சார்? அதுக்குள்ள என் பிள்ளை பள்ளிக்கூடம் போயிரும்."

அவருடைய கணக்கு அதுதான். 33 வயதில் அவர் படப்போகும் பாட்டையே நினைத்துக்கொண்டிருந்த நான், எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. திசு வால்வு வைத்தோம். இன்றும் இளம்பெண்கள் வரும்போது முதலில் ஊரையும் பஸ் வசதியையும் குழந்தை ஆசையையும் கேட்கிறேன். எக்கோ ரிப்போர்ட்டைப் பிறகுதான் பிரிக்கிறேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து மூச்சிரைப்போடு வந்தார். வால்வு விறைத்துப் போயிருந்தது. எலும்பைப் பிரிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. "இந்தத் தடவை இரும்பையே வெச்சிருங்க, சார்" என்று அவரேதான் சொல்லியிருந்தார்.

இப்போது ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு பரிசோதனைக்கு வருகிறார். நோட்டு அவன் கையில். போன மாதம் கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதியிருந்தான்: ஐஎன்ஆர் 2.8.