மௌனம் சம்மதம் ஆகுமா?

'மௌனம் சம்மதம்' என்னும் வழக்கு, காவிரிப் படுகையின் ஊர்களில் திருமணப் பேச்சிலும் நிலப் பேச்சிலும் இன்றும் தீர்ப்பைப் போலவே எடுத்தாளப்படுகிறது. ஒருவர் வாய் திறக்காமல் இருந்ததையே அவர் ஏற்றுக்கொண்டதற்குச் சான்றாகக் காட்டுவதை என்னால் ஒப்ப முடியவில்லை. ஏற்பு என்பது ஒருவர் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் செயல். அதை அவருக்காகப் பிறர் ஊகித்துக்கொள்ள இயலாது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், முன்மொழிவைப் பெற்றவர் தம் இசைவைத் தெரிவிக்கும்போதுதான் அது ஏற்கப்பட்டதாகும் என்கிறது. அந்த ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் 7ஆம் பிரிவு. களத்துமேட்டில் வியாபாரி ஒரு விலை சொல்ல, "சாக்கும் ஏற்றுக்கூலியும் உங்களுடையது என்றால் தருகிறேன்" என்று விவசாயி பதில் சொன்னால், அங்கே ஏற்பு நிகழவில்லை. புதிய முன்மொழிவு ஒன்று பிறந்திருக்கிறது, அவ்வளவே.

மௌனத்தைப் பற்றி இங்கிலாந்தில் 1862இல் முடிவான ஒரு வழக்கு நினைக்கத் தக்கது. தம் உடன்பிறந்தவரின் மகனுடைய குதிரையை வாங்க விரும்பிய ஒருவர், "இதைப் பற்றி மேலும் ஒன்றும் நீ சொல்லாவிட்டால், 30 பவுண்டு 15 ஷில்லிங்குக்குக் குதிரை என்னுடையது என்று கொள்வேன்" என்னும் பொருள்பட எழுதினார். குதிரைக்கு உரியவர் பதில் எழுதவில்லை. ஆனால் கடிதம் எழுதியவருக்கே விற்கும் எண்ணத்துடன், அந்தக் குதிரையை ஏலத்தில் சேர்க்க வேண்டாம் என்று ஏலக்காரரிடம் கூறியிருந்தார். ஏலக்காரர் தவறுதலாக அதை விற்றுவிட, வாங்க விரும்பியவர் தொடுத்த வழக்கு தோற்றது. மனத்துக்குள் இசைந்திருந்தவரின் மௌனமே ஏற்பாகவில்லை என்றால், இசையாதவரின் மௌனத்தை என்னவென்று சொல்வது?

சொல் இல்லாத ஏற்பும் உண்டு. விலை பேசி அச்சாரம் வாங்கிக்கொண்டவர், வாயால் ஒன்றும் சொல்லாவிட்டாலும் ஏற்றவரே. சட்டத்தின் 8ஆம் பிரிவும் இத்தகைய செயலை ஏற்பாகவே கருதுகிறது. அங்கே கை நீட்டிப் பணம் பெற்ற செயல் பேசுகிறது. குத்தகை நெல்லை உயர்த்தும்போது, அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காமல் போகுமோ என்று அஞ்சி நிற்பவரின் மௌனம் அப்படிப்பட்டதன்று. எதிர்த்துச் சொல்ல வழியில்லாதவர் பொறுத்துக்கொள்வதை ஏற்பு என்று எழுதிக்கொள்வது அநீதி.

பெண் பார்க்கும் கூடத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. வற்புறுத்திப் பெற்ற சம்மதத்தால் நடந்த திருமணத்தைச் செல்லாததாக்கக் கோர 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் தாம்பூலம் மாற்றிய பின், ஊர் கூடிய பின், எத்தனை பெண்களால் நீதிமன்றம் வரை நடக்க முடியும்? ஆகவே, தாம்பூலத் தட்டை எடுக்கும் முன்பே பெண்ணைத் தனியே அழைத்து, "வேண்டாம்" என்றாலும் யாரும் கோபிக்கமாட்டோம் என்று தெளிவாகச் சொல்லி, அவள் வாயால் பதில் கேட்பதை எங்கள் வீட்டில் வழக்கமாக்கியிருக்கிறோம். பதில் சொல்ல ஒரு வாரம் வேண்டும் என்று அவள் கேட்டால், மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதையே தெரிவிக்கிறோம்.