மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதை

வேளாங்கண்ணியில் பேராலயத்தோடு திரும்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். மாதா குளம் வரை போய்ப் பார்த்தால்தான் இந்தத் தலத்தில் செபம் எப்படித் தொடங்கியது என்பது விளங்கும். பால் கொண்டுபோன சிறுவன் ஒருவன் குளக்கரையில் களைத்துப் படுத்திருந்தான். கையில் குழந்தையோடு ஒரு தாய் வந்து நின்று, பிள்ளைக்குப் பால் கேட்டாள் என்பது இங்குள்ள மரபு. இதே ஊரில் நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமான சிறுவனிடமும் அதே தாய் மோர் கேட்டாள். இரண்டு பிள்ளைகளும் எதையும் வேண்டவில்லை. கேட்டவள் அவள். கொடுத்தார்கள், மோர்க்காரச் சிறுவனுக்குக் கால் சுகமானது.

யோவான் நற்செய்தி 4ஆம் அதிகாரத்திலும் இதே வரிசைதான். கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்பவர் இயேசு. கடவுள் முதலில் நம்மைத் தேடி வருகிறார், நம் செபம் அதற்குப் பதில் என்பது திருச்சபையின் போதனை. இது மனதில் பதியாவிட்டால் செபம் மனுக் கொடுப்பதாகவும், நேர்த்தி அதற்குக் கட்டும் கட்டணமாகவும் ஆகிவிடும்.

பேராலயத்துக்கும் குளத்துக்கும் இடையில் உள்ள மணல் பாதையில் பலர் முழங்காலில் நடக்கிறார்கள். விடியும் முன்போ, வெயில் தாழ்ந்த பிறகோ தொடங்குங்கள். பகல் ஏறிவிட்டால் மணல் சுடும். முழங்காலில் தடித்த துணியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக்கொள்வது நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சிறு சிராய்ப்பும் ஆற நாளாகும். அவர்கள் நடந்தே போகலாம், செபத்தின் மதிப்பு குறையாது.

கையில் செபங்களை எண்ணிச் சொல்ல உதவும், '53 மணி' என்று அழைக்கும் செபமாலை. மாதாவை நோக்கிச் சொல்லும் அருள்நிறை மந்திரத்துக்குச் சிறிய மணிகள் 53, தந்தையாகிய கடவுளை நோக்கிச் சொல்லும் பரலோக மந்திரத்துக்குப் பெரிய மணிகள் 6, ஆக 59. சிலுவையைப் பிடித்து, நம் நம்பிக்கையை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம். அடுத்து ஒரு பரலோக மந்திரம், விசுவாசம் நம்பிக்கை தேவசிநேகம் ஆகிய மூன்றுக்காக மூன்று அருள்நிறை மந்திரம், தந்தை, மகன், தூய ஆவியைப் போற்றும் ஒரு திரித்துவப் புகழ். பிறகு பத்துப் பத்தாக ஐந்து முறை. ஒவ்வொரு பத்துக்கும் இயேசுவின் அல்லது மரியாளின் வாழ்விலிருந்து தியானிக்க ஒரு நிகழ்ச்சி, அதாவது மறையுண்மை உண்டு. எந்த நாளில் எந்த வகை என்பது இப்படி: திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயர், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. கடைசியாகச் சொன்னதை 2002இல் சேர்த்தவர் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால்.

தவறு நடப்பது வேகத்தில்தான். செபத்தை நடத்தும் முன்னவர் அருள்நிறை மந்திரத்தின் முதல் பாதியை "இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே" என்று முடிக்குமுன் கூட்டம் மறுபாதியைத் தொடங்கிவிடும். மறையுண்மையை அறிவித்ததும் ஒரு மூச்சு நேரமாவது நிறுத்தி, அந்தக் காட்சியை மனதில் கொண்டுவர வேண்டும். வாய் மந்திரத்தில் இருக்கும்போது மனம் இயேசு பாடுபடுமுன் வேண்டிய கெத்சமனித் தோட்டத்திலோ அவர் பிறந்த பெத்லகேமிலோ இருக்க வேண்டும். அது நடக்காவிட்டால் மிஞ்சுவது எண்ணிக்கை மட்டுமே. சொன்னதையே சொல்வது வீண் பிதற்றல் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. இயேசு கண்டித்தது மிகுதியான வார்த்தையால் கடவுளை இணங்க வைக்கலாம் என்ற எண்ணத்தை (மத்தேயு 6:7). அவரே கெத்சமனியில் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி வேண்டினார் (மத்தேயு 26:44).

இந்த மந்திரங்களின் வினைச்சொற்களைக் கவனியுங்கள். மாதாவிடம் சொல்வது "வேண்டிக்கொள்ளும்". தந்தையிடம் சொல்வது "அளித்தருளும்". கொடுப்பவர் ஒருவர், நமக்காகக் கேட்பவள் தாய். கத்தோலிக்கர் மாதாவை வழிபடுகிறார்களா என்ற நெடுநாள் கேள்விக்கு இந்த இரண்டு சொற்களே போதுமான பதில்.

நேர்த்திக்கு வருவோம். மொட்டை, காதுகுத்து, தென்னங்கன்று, கை கால் வடிவத்தில் காணிக்கை என்று பல வகை. திருச்சபைச் சட்டத்தின் பார்வையில் நேர்த்தி என்பது கடவுளுக்கு, தெளிந்த மனதோடும் விருப்பத்தோடும் கொடுக்கும் வாக்கு. செய்யக்கூடியதாகவும் நல்லதாகவும் இருக்க வேண்டும். மருத்துவமனை வாசலில் பதறி நேர்ந்துகொண்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் கலங்குகிறவர்கள் இதை அறிய வேண்டும். நேர்த்தி நேர்ந்தவரை மட்டுமே கட்டும். பாட்டி நேர்ந்து முடிக்காமல் இறந்துபோனதால்தான் வீட்டில் கஷ்டம் என்ற பயத்துக்கு இடமே இல்லை. "இது நடந்தால்" என்று நேர்ந்து அது நடக்காவிட்டால் கடமையும் இல்லை. சொன்னதைவிட நல்லதாகவோ அதற்குச் சமமாகவோ நாமே மாற்றிக்கொள்ளலாம். அதுவும் முடியாத நிலையில் பங்குச் சாமியாரிடம் போங்கள். தக்க காரணம் இருந்தால் தம் பங்கு மக்களை விடுவிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

மொட்டைக்கும் மெழுகுதிரிக்கும் நேரம் ஒதுக்கிவிட்டு குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தைத் தள்ளிப்போடுவது வருத்தமான பழக்கம். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனோடு மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் சமாதானமாகி வா என்பது ஆண்டவரின் சொல் (மத்தேயு 5:23-24). ஊருக்குக் கிளம்புமுன் ஒரு போன் பேசினாலும் தொடக்கம்தான். பூசையில் கிறிஸ்துவின் உடலாகப் பெறும் நற்கருணை அப்பத்தை வாங்க ஒரு மணி நேர உபவாசம் வேண்டும். தண்ணீரும் மருந்தும் தடையில்லை. பிற மதத்து அன்பர்கள் நற்கருணை வரிசையில் நிற்காமல் இருந்த இடத்திலேயே செபிக்கலாம். திரி ஏற்றவும் வேண்டவும் எல்லோருக்கும் இடம் உண்டு.

கேட்டது கிடைக்காதவர்களும் இந்த மணலில் நடக்கிறார்கள். விசுவாசம் போதவில்லை என்று அவர்களிடம் யாரும் சொல்லக் கூடாது. தம் உடலில் தைத்த முள் நீங்க மூன்று முறை மன்றாடிய திருத்தூதர் பவுலுக்கு முள் நீங்கவில்லை. "என் அருள் உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. 2004 டிசம்பர் 26 காலை கிறிஸ்மஸுக்கு வந்திருந்த திருப்பயணிகள் உட்பட நூற்றுக்கணக்கானோரை இந்தக் கடற்கரையில் ஆழிப்பேரலை கொண்டுபோனது. அவர்களும் மாதாவிடம் வந்தவர்கள்தான். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் இங்கே அவர்களுக்காக வேண்டுகிறார்கள்: "நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும்." அங்கேயும் சொல் அதேதான், அளித்தருளும்.