பிள்ளை படும் பாடு கணக்கில் வராது

டெக்சாஸில் ஒரு குடியேற்ற வக்கீலிடம் வேலை பார்க்கிறேன். நான் வக்கீல் இல்லை, மனுக்கட்டு தயார் செய்பவள். என் மேசைக்கு அதிகம் வருவது ஐ-601ஏ என்ற விலக்கு மனு. ஆபீஸில் எல்லாருக்கும் அது ‘வெய்வர்’தான்.

“சிட்டிசனைக் கட்டிக்கிட்டா கிரீன் கார்டு தானா வந்துடாதா?” என்று ஊரிலிருந்து சித்தி கேட்பார். விசாவில் வந்து காலாவதியான பிறகும் தங்கிவிட்டவர் என்றால், பெரும்பாலும் இங்கே இருந்தபடியே விண்ணப்பிக்கலாம். எல்லையைத் தாண்டி வந்தவர், பொதுவாக, சொந்த நாட்டுக்குப் போய்த்தான் விசா வாங்க வேண்டும். அங்கேதான் வினை. ஓராண்டோ அதற்கு மேலோ பேப்பர் இல்லாமல் இருந்தவர் நாட்டை விட்டு வெளியேறினால் பத்தாண்டு திரும்ப முடியாது என்கிறது 1996ல் வந்த சட்டம். முறைப்படி வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவனுக்குத்தான் அடி!

அந்தத் தடையை நீக்கக் கேட்பதுதான் வெய்வர். 2013 மார்ச்சுக்கு முன்பு வெளியே போய் உட்கார்ந்துதான் கேட்க வேண்டியிருந்தது. இப்போது இங்கிருந்தே மனு போட்டு, பதில் வந்த பிறகு கிளம்பலாம். கட்டணம் 795 டாலர். பதில் வர வருடக்கணக்கில் ஆகிறது.

‘அதீத கஷ்டம்’ வரும் என்று நிரூபிக்க வேண்டும். யாருக்கு? குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன், மனைவி அல்லது பெற்றோருக்கு. பிள்ளைகள் இந்தப் பட்டியலிலேயே இல்லை.

சமீபத்தில் ஒரு பெண் வந்தார். இங்கேயே பிறந்தவர். கணவர் மெக்சிகோக்காரர், கூரை வேலை. மகனுக்கு ஆஸ்துமா. மளிகைக்கடைப் பை நிறைய அவனுடைய காகிதங்கள்: இன்ஹேலர் சீட்டு, எமர்ஜென்சி பில், பள்ளி நர்ஸ் எழுதிய கடிதம். எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவிட்டு, அவர் எழுதி வந்த வாக்குமூலத்தை அடித்துத் திருத்தினோம். ‘மகனுக்கு மூச்சுத் திணறும்’ என்பது போதாது. ‘எனக்கு நைட் ஷிஃப்ட். கணவர் இல்லையென்றால் அவனைத் தூக்கிக்கொண்டு ஓட ஆளில்லை. நான் வேலையை விட வேண்டும், வேலையோடு இன்ஷூரன்ஸும் போய்விடும்’ என்று எழுத வேண்டும். பையன் இருமுவதைக்கூட அம்மாவின் கஷ்டமாக மாற்றினால்தான் செல்லும். “அப்ப அவன் கஷ்டம் கஷ்டமில்லையா?” என்று அவர் கேட்டார். சட்டத்தின்படி இல்லை என்றேன். இதை விடக் கேவலமான ஒரு விதியை இந்த வேலையில் நான் பார்த்ததில்லை.

2024 ஆகஸ்ட் 19ல் பைடன் அரசு ஒரு திட்டம் திறந்தது. சிட்டிசனைக் கட்டி, பத்தாண்டு இங்கே இருந்தவர் வெளியே போகாமலே கிரீன் கார்டு கேட்கலாம் என்று. ஆபீஸ் போன் ஓயவில்லை. ஒரே வாரத்தில் டெக்சாஸ் ஃபெடரல் நீதிபதி ஒருவர் நிறுத்திவைத்தார், நவம்பரில் ரத்தே செய்துவிட்டார்.

எங்கள் வக்கீல் எல்லாரிடமும் முதலில் ஒன்று கேட்பார்: “எத்தனை முறை எல்லை தாண்டினீர்கள்?” சில வருடம் இங்கே இருந்துவிட்டு, அம்மா சாவுக்குப் போய் மறுபடி தாண்டி வந்தவருக்கு இந்த வெய்வர் உதவாது. பத்தாண்டு வெளியே இருந்த பிறகுதான் திரும்பி வர அனுமதியே கேட்க முடியும்.

நம் ஊர்க்காரர்களும் இப்போது போன் செய்கிறார்கள். விசா முடிந்து ரொம்ப நாளாகிவிட்டது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, போய் வந்துவிடட்டுமா என்று. டிக்கெட் அப்புறம் போடுங்கள், முதலில் ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.